டப்பா அடுப்பில் எதற்குப் பயப்படுவது?

மலைப்பாதையில் மாதக்கணக்கில் நடப்பவர்கள் முதுகில் ஏற்றும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை சுமார் 4,260 கிலோமீட்டர் போகும் பசிபிக் கிரஸ்ட் டிரெயில், கிழக்கே சுமார் 3,500 கிலோமீட்டர் போகும் அப்பலாச்சியன் டிரெயில் போன்ற பாதைகளில் நடக்கிறவர்களிடையே குளிர்பான டப்பாவில் செய்த ஸ்பிரிட் அடுப்பு புகழ்பெற்றதற்கு இதுதான் காரணம். கடையில் வாங்கும் சின்ன கேஸ் அடுப்பும் அதற்கான குப்பியும் சேர்ந்தால் கால் கிலோவைத் தாண்டிவிடும். டப்பா அடுப்போ பதினைந்து கிராம்தான் இருக்கும். சுள்ளி எரிப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. இக்கியா கடையில் கரண்டி, முள்கரண்டி வைக்க விற்கும் துளை போட்ட எவர்சில்வர் குவளையில் பக்கவாட்டில் ஒரு வாசல் வெட்டினால் அது விறகடுப்பு. பால் பவுடர் டப்பா, பெயிண்ட் டப்பா, ஜி.ஐ. வாளி, பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டு என்று வீட்டில் கிடக்கும் எந்த உலோகத்தையும் இந்தக் கூட்டம் விட்டுவைத்ததில்லை.

இவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி ஒன்றே: இந்த உலோகம் சூடேறினால் விஷப்புகை வருமா? கேள்வியில் தப்பில்லை, அதற்கு ஒழுங்கான விடையும் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு எச்சரிக்கை முடிந்துவிடுவதுதான் பிரச்சினை. உலோகத்தை நினைத்து இரண்டு நாள் யோசிப்பவர், அதே அடுப்பில் எரிந்துகொண்டிருக்கும்போதே பாட்டிலிலிருந்து ஸ்பிரிட்டை ஊற்ற இரண்டு நொடிகூட யோசிப்பதில்லை. கூடாரத்துக்குள் வைத்து எரிக்கவும் தயங்குவதில்லை. மனிதர்கள் வெந்ததையும் செத்ததையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், பயப்பட வேண்டியவற்றின் பட்டியலில் எரிபொருளும் காற்றோட்டமும் முதலில் வருகின்றன, உலோகம் வெகு தள்ளித்தான் வருகிறது. நம் பயமோ இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உலோகத்தின் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். குற்றவாளிக் கூண்டில் எப்போதும் நிற்பது துத்தநாகம். இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் துத்தநாகப் பூச்சு கொடுத்ததுதான் ஜி.ஐ. தகரம், ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. வலை எல்லாம். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். கொதிநிலைக்கு வெகு முன்பே, தகடு செவ்வொளி காட்டும் அளவுக்குக் காய்ந்தால், ஆவியாகத் தொடங்கிவிடும். விறகு நெருப்பின் மையத்தில் அந்தச் சூடு தாராளமாக உண்டு. எழும் ஆவி காற்றுப் பட்டதும் துத்தநாக ஆக்சைடு என்ற வெண்புகையாகிறது. அதை நிறையச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்நடுக்கம், காய்ச்சல், உடம்புவலி, வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும். பித்தளை வார்ப்பவர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக அறிந்த நோய் இது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானே தணிந்துவிடும். சுகமான அனுபவம் இல்லைதான். நுரையீரல் ஏற்கெனவே பழுதானவருக்கு விளையாட்டுக் காரியமும் அல்ல. ஆனால் திறந்த வெளியில் ஒரு வாளியளவு பூச்சு ஒருமுறை எரிவதும், மூடிய பட்டறையில் நாள் முழுக்கப் புகையில் நிற்பதும் ஒன்றாகிவிடாது.

உண்மையில் அஞ்ச வேண்டிய பூச்சு ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. காட்மியம். 321 டிகிரியிலேயே உருகி 767 டிகிரியில் கொதித்துவிடும் உலோகம் இது. இதன் புகை நுரையீரலையே வேகவைத்துவிடும், ஆளையே கொல்லக்கூடியது. தொடக்கத்தில் சாதாரண ஜலதோஷம்போல்தான் இருக்கும் என்பது இதன் வஞ்சகம். பழைய ஃபிரிட்ஜ்களின் கம்பித் தட்டுகளில் இந்த முலாம் பூசப்பட்டதுண்டு. அந்தத் தட்டு கைக்கு அடக்கமாக, கறி வாட்டும் கம்பிவலைக்கென்றே செய்தது போல இருப்பதால் அடுப்பின்மேல் ஏற அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பழைய ஃபிரிட்ஜ் தட்டை நெருப்பின்மேல் வைக்கவே கூடாது. மற்றவை இந்த அளவுக்கு மோசமில்லை. நான்-ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்குமேல் சிதையத் தொடங்கிக் காய்ச்சல் தரும் புகையை விடும், கூண்டுப் பறவைகளை அது கொன்றே விடும். உணவு டப்பாக்களின் உள்ளே பூசிய பிசின் முதல் நெருப்பில் கருகி நாறும். ஆகவே புது டப்பாவை வெளியே வைத்து ஒருமுறை வெறுமனே எரித்து, புகை அடங்கும்வரை விலகி நிற்க வேண்டும். பழங்காலத் தகர டப்பாக்களின் இணைப்பில் காரீயப் பற்று இருக்கும், அமெரிக்கா உணவு டப்பாக்களில் இதை 1995இல் தடைசெய்துவிட்டது. டப்பாவின்மேல் பளபளக்கும் வெள்ளீயப் பூச்சைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமேயில்லை. அது 232 டிகிரியில் உருகுமே தவிர, ஆவியாக 2,600 டிகிரி வேண்டும், எந்தக் கேம்ப் நெருப்பிலும் அந்தச் சூடு கிடையாது.

இந்தப் பிரச்சினைக்கு விடை கடையில் பொருளை எடுக்கும்போதே கிடைத்துவிடுகிறது. பூச்சே இல்லாத எவர்சில்வர் எடுத்தால் கதை முடிந்தது. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்ததால் துருப்பிடிக்காத உலோகம் அது, மேலே உரிய எதுவும் இல்லை. ஜி.ஐ. தகட்டைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. சாம்பல் பரப்பில் பனிப்பூ படர்ந்ததுபோல் பளிச்சிடும் திட்டுகள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். போல்ட், நட்டு, வலை ஆகியவற்றில்தான் ஏமாறுவார்கள். குவளையை எவர்சில்வரில் வாங்கிவிட்டு, பாத்திரம் உட்கார ஜி.ஐ. வலையை வளைத்து வைப்பார்கள். நெருப்பு அதிகம் படுவது அங்கேதான்.

உலோகத்தைப் பற்றி இன்னொரு பயமும் உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுமே, டப்பா அடுப்பு எரியும்போதே உருகி ஸ்பிரிட்டைக் கொட்டிவிடாதா? விடாது, அதன் காரணம் தமிழ்ச் சமையலறைக்குப் புதிதல்ல. ஈயச்சொம்பில் ரசம் வைக்கும்போது உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால்தான் அது உருகி ஓடும். அதேபோல ஸ்பிரிட்டில் இருக்கும் எத்தனால் 78 டிகிரியிலும் மெத்தனால் 65 டிகிரியிலும் கொதிப்பதால், உள்ளே திரவம் இருக்கும்வரை டப்பாவின் அடிச்சுவர் அதற்குமேல் அதிகம் சூடேறுவதில்லை. அடுப்பின் உள்ளமைப்பே இந்தக் கொதியை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு டப்பாக்களின் அடிப்பகுதியை மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, ஒன்றை மற்றொன்றுக்குள் இறுக்கிச் செருகி, நடுவில் ஒரு வளையத் தகடு வைத்தால் இரட்டைச் சுவர் கிடைக்கும். மேல் விளிம்பைச் சுற்றி ஊசியால் துளைகள் போட வேண்டும். நடுக்குழியில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 30 மில்லிலிட்டர், ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் முதல் அரை நிமிடத்துக்கு மேல் நடுவில் சோம்பலாக எரியும். பிறகு இரட்டைச் சுவருக்குள் இருக்கும் ஸ்பிரிட் கொதித்து, ஆவி துளைகள் வழியே பீறிட்டு, விளிம்பைச் சுற்றி நீலச் சுடர்கள் வரிசையாகப் பூக்கும். எட்டுப் பத்து நிமிடத்தில் அரை லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். அழகான பொறியியல்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த அழகில் இல்லாத ஒரு பொருளைக் கவனிக்க வேண்டும். திருகு. கேஸ் அடுப்பில் எரிபொருள் ஒரு குப்பிக்குள் பூட்டப்பட்டு, தேவையான அளவு மட்டும் வால்வு வழியாக வெளியே வருகிறது. திருகினால் தீ அணையும். டப்பா அடுப்பிலோ முழு எரிபொருளும் திறந்த குழியில் கிடக்கிறது, பற்றியதும் மொத்தமும் பற்றியதுதான். ஊதி அணைப்பது நடக்காத காரியம். அடுப்பைவிடப் பெரிய டப்பா ஒன்றைக் கவிழ்த்துக் காற்றை அடைக்க வேண்டும், இல்லையேல் தீரும்வரை காத்திருக்க வேண்டும். கை பட்டுக் கவிழ்ந்தால் எரியும் திரவம் ஓடுகிறது. கொல்லப் போவது டப்பாவா, அதனுள் இருக்கும் கரண்டிக் கணக்கான ஸ்பிரிட்டா என்று கேட்டால் ஸ்பிரிட்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

ஸ்பிரிட்டின் பொல்லாத குணம், அதன் தீ கண்ணுக்குத் தெரியாமை. விறகும் மண்ணெண்ணெயும் எரியும்போது மஞ்சளாக ஒளிர்வது தீயில் மிதக்கும் கரித்துகள்கள். ஸ்பிரிட்டில் அந்தத் துகள்கள் அநேகமாக உண்டாவதே இல்லை. மெத்தனாலின் தீ வெயிலில் முற்றிலும் மறைந்துவிடும், எரிகிறதா என்று தெரிய அதன்மேல் காற்று நெளிவதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 1981ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில் இது உலகத்தின் கண்ணெதிரே நடந்தது. எரிபொருள் நிரப்பும்போது ரிக் மியர்ஸின் காரில் மெத்தனால் சிதறித் தீப்பற்றியது. அவரும் பணியாளர்களும் உடம்பை உதறித் துடிப்பதைப் பார்த்தவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை, ஏனெனில் தீ என்று ஒன்று கண்ணில் படவேயில்லை. முகத்தில் தீக்காயத்தோடு மியர்ஸ் தப்பினார். அத்தனை பயிற்சி பெற்ற பணியாளர்கள் சூழ நின்ற இடத்திலேயே இந்த நிலை. காலை வெயிலில், பாறைமேல், "அணைந்துவிட்டது போல" என்று குனிந்து பார்க்கும் ஒருவர் என்ன ஆவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அணைந்ததென்று நினைத்து மறுபடி ஊற்றும் அந்தக் கணம்தான் எல்லாவற்றிலும் கொடியது. நடப்பது இதுதான். மெத்தனால் பதினொரு பன்னிரண்டு டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும், எத்தனாலும் அதைவிட ஐந்தாறு டிகிரிதான் அதிகம். நம் ஊர்ச் சூட்டில் பாட்டிலைத் திறந்த நொடியே கழுத்துப் பகுதியில் ஆவி தயாராக நிற்கிறது. அடுப்பில் மிச்சமிருக்கும் தீ அந்த ஆவி வழியே ஏறிப் பாட்டிலுக்குள் புகுந்துவிடும். உள்ளே ஆவி வெடித்து எரிய, அழுத்தம் பாட்டிலில் மீதியுள்ள திரவத்தை எரிகிற பீச்சாக வெளியே தள்ளும். அது பாயும் திசையில் பல அடி தள்ளி நிற்பவர்தான் பெரும்பாலும் வெந்துபோகிறார், ஊற்றியவர் அல்ல. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகர அருங்காட்சியகம் ஒன்றிலும், டென்வர் நகரப் பள்ளி ஒன்றிலும் இரண்டு வார இடைவெளியில் இதே விபத்து நடந்தது. இரண்டுமே நெருப்பின் இயல்பைக் காட்டும் அறிவியல் விளக்கங்கள், இரண்டிலும் மெத்தனால், இரண்டிலும் பெரிய பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினார்கள். அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன பாடம் எளியது: தீ இருக்கக்கூடிய இடத்தில் மொத்தக் கலத்திலிருந்து ஊற்றாதே.

இவை அடுப்பே அல்லவே, கையால் செய்ததும் அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான மறுப்புதான், ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், மேசைமேல் வைத்து எரிக்கும் ஸ்பிரிட் நெருப்புக் கிண்ணங்களை உடனே நிறுத்துங்கள் என்று எச்சரித்தது. அவை தொழிற்சாலையில் செய்து, பெட்டியில் போட்டு, அலங்காரப் பொருளாக விற்கப்பட்டவை. நல்ல உலோகம், நல்ல கான்கிரீட், சீரான விளிம்பு. 2019 முதல் அவற்றால் இரண்டு பேர் இறந்து, குறைந்தது 60 பேர் காயமடைந்ததாக ஆணையம் கணக்குச் சொன்னது. திறந்த குழியில் திரவம், கண்ணுக்குத் தெரியாத தீ, மறுபடி ஊற்றும் கை: டப்பா அடுப்பில் இருக்கும் மூன்றும் அங்கேயும் இருந்தன. செய்தது தொழிற்சாலையா, வீட்டுத் திண்ணையா என்பதால் ஒன்றும் மாறவில்லை. உலோகத்தின் தரத்தைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியடைபவர் எதைச் சரிபார்க்கத் தவறுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

விதிகளை எழுதுகிறவர்கள் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். காட்டுத்தீ அபாயக் காலத்தில் அமெரிக்க மேற்கு மாநிலக் காடுகள் பலவற்றில், திருகி அணைக்கும் வால்வு உள்ள அடுப்புக்கு மட்டுமே அனுமதி. எந்த உலோகம் என்று யாரும் கேட்பதில்லை. 2012 மே மாதம் கொலராடோவில் ஹியூலெட் பள்ளத்தாக்கில் மூண்ட தீ 7,600 ஏக்கருக்கு மேல் தின்றது. அதன் தொடக்கம் ஒரு முகாம்வாசியின் ஸ்பிரிட் அடுப்பு. அமெரிக்கச் சாரணர் இயக்கம் ஒருபடி மேலே போய், கையால் செய்த, மாற்றியமைத்த எரிபொருள் சாதனம் எதையும் தன் நிகழ்ச்சிகளில் பயன்படுத்தவே கூடாது என்று தடைசெய்திருக்கிறது. உதாரணமாக அது முதலில் பெயர் சொல்வதே ஸ்பிரிட்டில் எரியும் டப்பா அடுப்பைத்தான். டப்பா அடுப்பு ரசிகர்களுக்கு இந்தத் தடைமேல் தீராத கோபம். ஆயிரக்கணக்கானோர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இதை வைத்தே சமைத்து நடந்திருக்கிறார்களே என்பார்கள். உண்மை. ஆனால் அவர்கள் தினமும் அதே அடுப்பை, அதே 30 மில்லிலிட்டரை, ஒரே ஒரு ஆளாக, வெறும் மண்ணின்மேல் எரித்தவர்கள். தீர்ந்தால் ஆறவிட்டு அளந்து ஊற்றும் பழக்கம் கைவந்தவர்கள். அவர்களுடைய பாதுகாப்பு அடுப்பில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. அடுப்பை ஒரு வீடியோ பார்த்துச் செய்துவிடலாம், பழக்கம் அதோடு வருவதில்லை. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பாட்டிலோடு நிற்கும் மொட்டைமாடியில் அதே அடுப்பு வேறு பொருளாகிவிடுகிறது.

எரிபொருளுக்கு அடுத்தது காற்று. எந்த அடுப்பானாலும் ஆக்சிஜன் குறைந்தால், அல்லது குளிர்ந்த பாத்திரம் சுடரின்மேல் அழுந்தி உட்கார்ந்தால், எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். 1934இல் அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட் அண்டார்டிகாவில் பனிக்குள் புதைத்த குடிலில் தனியாக நாலரை மாதம் தங்கினார். அடுப்பிலிருந்தும் ரேடியோவுக்கான ஜெனரேட்டரிலிருந்தும் கசிந்த இந்த வாயு அவரை மெல்ல மெல்லப் படுக்கையில் தள்ளியது. உயிர் பிழைத்தது ஆகஸ்டில் மீட்புக் குழு போய்ச் சேர்ந்ததால்தான். காரணம் இன்னதென்று ஓரளவு தெரிந்தும் அவரால் அடுப்பை முழுதாக நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் குளிரே கொன்றிருக்கும். கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பவரின் சிக்கலும் இதேதான். வெளியே மழை, காற்று, குளிர். 2021 பிப்ரவரியில் டெக்சஸில் பனிப்புயலில் மின்சாரம் போனபோது, கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தும் காரை ஷெட்டுக்குள் ஓடவிட்டும் குளிர்காய்ந்து இந்த வாயுவுக்கு ஆளாகி 1,000 பேருக்கு மேல் சிகிச்சைக்குப் போனார்கள். கரியில் இன்னொரு வஞ்சகம்: சுடர் அடங்கிக் கங்கு கனன்று, புகையே இல்லாத நிலையில்தான் அது பத்திரமாகத் தோன்றும், வாயுவோ அப்போதும் குறையாமல் வந்துகொண்டே இருக்கும். ஜி.ஐ. தகட்டின் வெண்புகையாவது கண்ணில் படும், தொண்டையைக் கரிக்கும், ஆளை எழுந்து ஓடவைக்கும். இது தூங்கவைக்கும்.

காற்றைத் தடுப்பதிலும் ஒரு விபத்து இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாளை வளைத்துக் காற்றுத்தடுப்பு வைப்பது ஸ்பிரிட் அடுப்புக்கு நல்லது. அதே தடுப்பைக் கேஸ் குப்பியின்மேல் திருகி வைக்கும் அடுப்பைச் சுற்றி நெருக்கிக் கட்டினால், சூடு திரும்பி வந்து குப்பியைத் தாக்கும். 50 டிகிரிக்குமேல் சூடாகக் கூடாது என்று அந்தக் குப்பிகளின்மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இங்கே அடுப்பு தொழிற்சாலை அடுப்பு, வீட்டில் செய்தது ஒரு துண்டுத் தாள் மட்டும்தான்.

வேறு வழியில்லாதவர்களிடம் இதெல்லாம் பேச முடியுமா என்பது இன்னொரு மறுப்பு, இதுதான் கனமானது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை மெல்லிய தகரத்தால் செய்த நான்கு காலன் டின்களில் பெட்ரோல் கொண்டுபோனது. அந்த டின்கள் ஒழுகியதால் பெட்ரோல் வீணானது தனிக்கதை. காலி டின்னைப் பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கிளறிப் பற்றவைத்துச் சிப்பாய்கள் தேநீர் போட்டார்கள். பெங்காசி பர்னர் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். பெட்ரோலை மணலில் ஊற்றியதே அதில் கெட்டிக்காரத்தனம், டின் கவிழ்ந்தாலும் எரியும் திரவம் ஓடாது. மறுபடி ஊற்றுவதன் அபாயம் மட்டும் அப்படியே இருந்தது. ஆக வேறு வழியில்லாத இடத்திலும் ஒன்றைவிட ஒன்று பத்திரமான வழிகள் உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல வீடுகள் அறிந்த மரத்தூள் அடுப்பு அதற்கு நல்ல உதாரணம். டின்னின் நடுவில் ஒரு கட்டையை நட்டு, சுற்றி மரத்தூளைக் கிட்டித்து, கட்டையை உருவினால் நடுவே குழாய்போல் ஒரு வழி கிடைக்கும். அடியில் பக்கவாட்டில் ஒரு துளை. வெளியில் வைத்து எரித்தால் மணிக்கணக்கில் நின்று எரியும், கவிழ்ந்தால் கங்கு சிதறும், அவ்வளவுதான். ஓடவோ பீறிடவோ அதில் திரவமே இல்லை. டப்பாவில் அடுப்பு செய்தே ஆக வேண்டியவர் திட எரிபொருளுக்குப் போவது, உலோகத்தை மாற்றுவதைவிட நூறு மடங்கு பயன் தரும். காய்ந்த புல்வெளியிலும் காட்டிலும் மட்டும் அதற்கும் இடமில்லை, அங்கே தீ பரவச் சிதறும் கங்கு ஒன்றே போதும்.

இந்தியாவில் ஸ்பிரிட் அடுப்பு செய்பவர் சந்திக்கும் முதல் தடை, எதை ஊற்றுவது என்பது. மெத்தனாலைப் பற்றி, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்த பிறகு, தமிழ் வாசகருக்கு அறிமுகம் தேவையில்லை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மெத்தனால் தண்ணீரைப் போலவே இருக்கும், இரவில் தாகத்தில் எழுந்தவரின் கைக்கு அது எட்டக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டில் மிஞ்சிய சானிடைசரை ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் 60, 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் என்பதால் எரியத்தான் செய்யும். ஆனால் கூழ்வடிவச் சானிடைசர் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும், உதறினாலும் போகாது. எரிபொருள் பாட்டிலுக்கு நிறத்தாலோ வடிவத்தாலோ தண்ணீர் பாட்டிலோடு குழம்ப முடியாத ஒன்றைத் தேர்வது, உலோகம் தேர்வதைவிட முக்கியமான முடிவு.

சமைக்கும் நேரத்துக்குத் தேவையானது அதிகமில்லை. ஸ்பிரிட்டை ஒரு சிறு மூடியில் அளந்து, பாட்டிலை மூடிப் பல அடி தள்ளி வைத்த பிறகே தீக்குச்சி கிழிக்க வேண்டும். அடுப்புக்கு அடியில் தட்டையான கல்லோ தகடோ, பக்கத்தில் கவிழ்த்து அணைக்கப் பெரிய டப்பா ஒன்று. போதாமல் போனால் அடுப்பு கைதொடும் அளவுக்கு ஆறிய பிறகுதான் அடுத்த மூடி. தொட்டுப் பார்ப்பதற்கு முன் ஒரு உலர்ந்த புல்லை நீட்டிப் பார்த்தால் தீ இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். குளிர்பான டப்பாவின் சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். பையில் நசுங்கி, பிறகு நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின இரவு அதில் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாளின்மேல் வைத்துவிட்டுப் படுக்கலாம். காலையில் தாள் நனைந்திருந்தால் அந்த அடுப்பைக் காயலான் கடைக் கூடையில் போட்டுவிட்டு இன்னும் இரண்டு டப்பாக்களை வெட்ட வேண்டியதுதான், அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.